நிறக்குருடு அன்று; நிறமயக்கம்

நிறங்களைப் பெயரிட்டு அழைப்பதில் தமிழுக்கு நெடிய மரபு உண்டு. செம்மை, கருமை, வெண்மை, பசுமை எனப் பண்புப்பெயர்களாக நிறங்களை வகுத்துக்கொண்ட மொழி இது. குரு, கெழு என்னும் உரிச்சொற்கள் நிறம் என்னும் பொருளைத் தரும் என்று தொல்காப்பியர் உரியியலில் குறித்துள்ளார். பண்புத்தொகைக்குச் சான்று கேட்டால் எந்த வகுப்பிலும் மாணாக்கர் முதலில் சொல்வது செந்தாமரையைத்தான். இத்தகைய மொழியில், செம்மையையும் பசுமையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையவர்க்கு நாம் வழங்கியிருக்கும் பெயர் ‘நிறக்குருடர்’ என்பதாகும். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பெயர் இது. பாடநூலிலும் மருத்துவச் சான்றிதழிலும் அன்றாடப் பேச்சிலும் அது நிலைபெற்றுவிட்டது.

அவர்கள் குருடர் அல்லர். எழுத்தைக் கூர்மையாகப் படிப்பர். தொலைவில் வருபவரை அடையாளம் காண்பர். நிறங்களுள்ளும் மிகப் பலவற்றைக் காண்பர். சில நிறங்கள் மட்டும் அவர்கள் கண்ணில் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். அப்படியிருக்க, இப்பெயர் பொருந்துமா? பெயர் பிழையானால் அதனால் விளையும் கேடு என்ன? சொல்லை ஆள்வதையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இவ்வினாக்களை எழுப்புவது தகும் எனக் கருதி, இக்குறை பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பேச்சினால் வெளிப்பட்ட குறை

பார்வை மங்கினால் உடையவரே உணர்வார். நிறம் கலந்து தோன்றுவதோ உடையவர்க்குத் தெரிவதில்லை. பிறர் பேச்சே அதை அவருக்கு உணர்த்துகிறது. இதைக் காட்டும் பழைய ஆவணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கம்பர்லாந்து பகுதியில் மேரிபோர்ட் என்னும் ஊரில் ஹாரிஸ் என்ற செருப்புத் தொழிலாளி இருந்தார். அவரைப் பற்றிக் கப்பல் தலைவர் ஜோசப் ஹடார்ட் எழுதிய மடல் 1777இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. ஹாரிசுக்கு ஏறத்தாழ நான்கு வயதிருக்கும்போது தெருவில் ஒரு குழந்தையின் காலுறை கிடந்தது. அதை எடுத்துச் சென்று உரியவரைத் தேடினார். கண்டோர் எல்லாரும் அதைச் ‘சிவப்புக் காலுறை’ என்றனர். காலுறை என்றாலே பொருள் முற்றுப்பெற்றுவிடுகிறதே, எதற்காக இன்னொரு சொல்லைச் சேர்க்கிறார்கள் என்று அச்சிறுவர் வியந்தார். செர்ரி மரத்தடியிலும் அவ்வாறே. மற்றச் சிறுவர்கள் நிறத்தைக் கொண்டு தொலைவிலிருந்தே பழத்தைக் கண்டுகொண்டனர். அவரோ பருமனையும் வடிவையும் கொண்டே இலையிலிருந்து பழத்தைப் பிரித்தறிந்தார்.

இலக்கண ஆசிரியர் யாரும் இந்தச் சிறுவரின் ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிறருக்குத் தேவையாகப் பட்ட அடைமொழி அவருக்கு மிகையாகப் பட்டது. குறை கண்ணில் இருந்தது. அது வெளிப்பட்டதோ ஓர் அடைமொழியில்.

அதே கம்பர்லாந்தில் 1766இல் பிறந்தவர் ஜான் டால்டன். அணுக்கொள்கையால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1792இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுதிரி வெளிச்சத்தில் தற்செயலாகப் பார்த்தார். பகலில் வானத்தின் நீலமாகத் தெரிந்த அப்பூ, அவ்வெளிச்சத்தில் செம்மை சார்ந்து தெரிந்தது. நண்பர்களைக் கேட்டார். பகலிலும் இரவிலும் அதன் நிறம் பெரிதும் மாறவில்லை என்றனர். அவருடைய உடன்பிறந்தான் ஒருவன் மட்டுமே அவர் கண்டதைக் கண்டான். தம் கண்ணும் தம்பியோ தமையனோ ஆகிய இரத்த உறவினர் கண்ணும் ஒருபுறம், உலகம் மறுபுறம் என்று அறிந்த டால்டன், 1794 அக்டோபர் 31 அன்று இதுபற்றிய கட்டுரையை அவையில் படித்தார். அந்த அவை மான்செஸ்டர் நகரில் 1781இல் தோன்றிய இலக்கிய, மெய்யியல் கழகம் என்பது நம் போன்றோர் மகிழ்வுடன் நினைக்கத்தக்கது. இலக்கியத்தைத் தன் பெயரில் தாங்கிய ஓர் அவையில்தான் இக்குறை அறிவியல் ஆய்வுப் பொருளாயிற்று.

தம் விழிக்குள்ளிருக்கும் நீர்மம் நீலச் சாயல் உடையது. அது செந்நிற ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பது டால்டன் தந்த விளக்கம். தாம் இறந்தபின் விழியைத் திறந்து பார்த்து இதை உறுதிசெய்யுமாறும் கூறிவைத்தார். 1844 சூலை 27 அன்று அவர் மறைந்தார். மருத்துவர் ஜோசப் ரான்சம் விழியை ஆராய்ந்தார். நீர்மம் தெளிந்த நீர்போல நிறமற்றே இருந்தது. டால்டனின் விளக்கம் வீழ்ந்தது. ஆனால் அவர் விழிகளின் எஞ்சிய பகுதியை மான்செஸ்டர் கழகம் காத்து வைத்தது. அதிலிருந்து எடுத்த மரபுப் பொருளைச் சோதித்த அறிஞர்கள், இடைநிலை அலைநீள ஒளியை உணரும் நிறமி அவரிடம் இல்லை என்று 1995இல் அறிவித்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வினாவுக்கு விடை கிடைத்தது. பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம் முதலிய மொழிகளில் இக்குறைக்கு இன்றும் ‘டால்டனிசம்’ என்பதே பெயர். அம்மொழியினர் குருடு என்னும் சொல்லைத் தீண்டாமலே இதைச் சுட்ட முடிகிறது என்பதை நினைவில் கொள்வோம்.

மூன்றில் ஒன்று

கண்ணின் உட்புறத் திரையில் பகலொளியில் வேலை செய்யும் கூம்புச் செல்கள் மூவகை. ஒருவகை நெடிய அலைநீள ஒளியையும், ஒருவகை இடைப்பட்டதையும், ஒருவகை குறியதையும் மிகுதியாக உணரும். ஒரு செல் தனித்து நின்று எந்த நிறத்தையும் அறிவதில்லை. மூன்றும் தரும் அளவுகளை ஒப்பிட்டே மூளை நிறம் காண்கிறது. இக்கருத்தின் கருவைத் தாமசு யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டார்.

கொடும்பாளூர்க்காரருக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று எழுந்து நிற்பவை இரண்டு விமானங்களே. வடபால் விமானத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆயினும் அதை யாரும் பாழிடம் என்பதில்லை. மூவர் கோயில் என்றே சொல்கிறோம். நிற்கும் இரண்டின் அழகைக் காணத் தொலைவிலிருந்து வருகிறார்கள். கூம்புச் செல்களில் ஒருவகை இல்லாதவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. இரண்டைக் கொண்டு அவர் ஒரு முழு உலகைக் காண்கிறார். நெடிய அலை அல்லது இடைப்பட்ட அலையை உணரும் வகை இல்லாதபோது சிவப்பு, பச்சை, பழுப்பு, செம்மஞ்சள் ஆகியவை தம்முள் மயங்கும். ஊதா நீலமாகத் தோன்றும். வெளிறிய பச்சை சாம்பலாகத் தோன்றும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு இவர்களுக்கு நன்கு தெரியும். குறையுடையோருள் பெரும்பாலோர்க்கு மூவகையும் உண்டு; ஒன்றின் உணர்திறன் மட்டும் மற்றொன்றை நெருங்கி இடம்பெயர்ந்திருக்கும். அவர்களுடைய மயக்கம் மெல்லியது. எல்லா நிறங்களையும் இழந்து கருமை, வெண்மை, சாம்பல் மட்டும் காண்போர் மிக மிக அரியர்.

செம்மை, பசுமை மயக்கத்துக்குக் காரணமான மரபணுக்கள் எக்சு நிறப்புரியில் உள்ளன. ஆணுக்கு எக்சு ஒன்றே. அதில் பிழை நேர்ந்தால் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். இதனால்தான் வட ஐரோப்பிய வழியினரில் ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரிடமும், பெண்டிருள் இருநூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரிடமும் இது காணப்படுகிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் இதனினும் குறைந்த அளவையே காட்டுகின்றன. தாய்வழிப் பாட்டனிடமிருந்து, நிறங்களைச் செவ்வனே காணும் மகள் வழியாக, அவள் மகனை இது வந்தடையும். பெயரன் பாட்டன் பெயரைப் பெறுவது நம் வழக்கு; சில வீடுகளில் பாட்டனின் பார்வையையும் பெறுகிறான். மரபின் இயல்பான ஓட்டம் இது. தாயைக் குறை சொல்ல இதில் எள்ளளவும் இடமில்லை.

அச்சமும் தடையும்

டால்டன் காலத்தில் வியப்பாக இருந்த இக்குறை, இருப்புப்பாதை வந்தபின் அச்சமாக மாறியது. செவ்விளக்கும் பச்சை விளக்கும் வண்டியை நிறுத்தவும் விடவும் தொடங்கின. எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் வில்சன் 1855இல் வெளியிட்ட நூலில், நிற விளக்குகளை நம்பும் முறையின் இடரை எடுத்துரைத்தார். 1875 நவம்பரில் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு தொடர்வண்டிகள் மோதி ஒன்பது பேர் இறந்தனர். பணியாளரின் நிறப்பார்வைக் குறையே காரணமாகலாம் என்று உப்சாலாப் பேராசிரியர் ஹோல்ம்கிரென் வாதிட்டு, நிறக் கம்பளி நூற்கண்டுகளைத் தரம் பிரிக்கச் சொல்லும் சோதனையைப் புகுத்தினார். அது விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது. அவ்விபத்துக்கு நிறப்பார்வைக் குறைதான் காரணமா என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வொன்று ஐயத்துக்குரியதாக்கியது. ஆனால் அதற்குள் சோதனை உலகெங்கும் வேரூன்றிவிட்டது. யப்பானிய மருத்துவர் இசிகாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தட்டுகளே இன்று நாம் மருத்துவமனையில் காண்பவை. வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைச் சொல்லாதவர் ‘குருடர்’ என எழுதப்படுகிறார்.

தொடர்வண்டி ஓட்டுநர்க்குச் சோதனை வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆனால் ‘குருடு’ என்னும் சொல் சான்றிதழில் ஏறியபின், எந்தப் பணிக்கு எந்த நிறம் தேவை என்னும் வினாவையே அச்சொல் அடைத்துவிடுகிறது. நம் நாட்டில் அண்மைக் காலத்தில்தான் இந்நிலை மாறி வருகிறது. மெல்லிய, நடுத்தரக் குறையுடையோர் ஊர்தி ஓட்டும் உரிமம் பெற 2020 சூனில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் படத்தொகுப்புப் பயிற்சிக்குத் தெரிவான ஒருவர் இக்குறையால் விலக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அவருக்கு இடம் தரப் பணித்தது. திரைப்படத் தொகுப்பு ஒரு கலை. அதற்கு இக்குறை தடையாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தமிழகத்துக்கே உரிய வழக்கு ஒன்றும் உண்டு. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தெரிவான ஓர் இளைஞர், மருத்துவச் சோதனையில் இக்குறை தெரிந்ததால் பணி மறுக்கப்பட்டார். மின்கம்பிகள் நிறத்தால் வேறுபடுபவை என்பது எதிர்த்தரப்பின் அச்சம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஈராயம் அதை மாற்றியது. 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் இக்குறை இடம்பெறாவிடினும், தக்க ஏற்பாடு செய்து தருவது பணியளிப்போர் கடமை என்று கூறி, அவரைப் பணியில் அமர்த்த ஆணையிட்டது. ஒருவரை முற்றிலும் விலக்குவதற்கும், அவருக்கேற்ற பணியை அளிப்பதற்கும் இடையே உள்ள தொலைவை அத்தீர்ப்பு காட்டுகிறது. ‘குருடு’ என்னும் சொல் மறைத்து வைத்திருந்தது இந்தத் தொலைவைத்தான்.

செம்மை காணாத கவிஞர்

நிறம் பிரித்தறியாதவர் கவிதை எழுத முடியுமா என்று கேட்போர்க்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. இரவீந்திரநாத தாகூர் (1861-1941) செம்மை, பசுமை மயக்கம் உடையவர் என்பது ஆய்வாளர் முடிவு. அவருடைய ஓவியங்களின் நிறங்களை ஆராய்ந்து பிக்ஃபோர்டு, போசு ஆகியோர் 1987இல் எழுதினர். கேதகி குஷாரி டைசன், சுசோபன் அதிகாரி ஆகியோர் அறிவியலார் இருவருடன் சேர்ந்து 1997இல் ‘ரங்கேர் ரவீந்திரநாத்’ என்னும் வங்க நூலில் அவருடைய எழுத்தையும் ஓவியத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, நெடிய அலையை உணரும் வகையில்தான் அவருக்குக் குறை இருந்தது என்று வாதிட்டனர். செந்நிறம் தம் கண்ணில் நன்கு படுவதில்லை என்றும் நீலமே தம்மை ஈர்ப்பதென்றும் அவர் சொன்னதாக அவரோடு பழகியோர் எழுதி வைத்துள்ளனர். நீலப் பூங்கொத்துகள் தொங்கும் ஒரு கொடிக்கு ‘நீலமணிலதை’ என்று பெயர் சூட்டியவர் அவரே.

அக்கவிஞர் 1913இல் நோபல் பரிசு பெற்றார். அறுபது வயதைக் கடந்தபின் தூரிகையை முனைந்து எடுத்தார். 1930 மே மாதம் பாரிசில் அவர் ஓவியங்கள் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச் சென்றார். நிறங்களை வழக்கத்துக்கு மாறாக இணைத்த அவர் ஓவியங்களின் தனித்தன்மையில் இம்மயக்கத்துக்கும் பங்கு உண்டென்பர் ஆய்வாளர். குறையே அவரைக் கலைஞராக்கியது என்று புனைந்துரைக்க வேண்டியதில்லை. குறை அவரைத் தடுக்கவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய உண்மை.

சொல்லின் அகலம்

இது எப்படி இயலும்? நிறச்சொல் நிறத்தை மட்டும் சுமப்பதில்லை. தமிழில் இதைத் தெளிவாகக் காணலாம். பசும்புல் என்கிறோம், மஞ்சளாய் மின்னும் பொன்னையும் பசும்பொன் என்கிறோம். பிறந்த மகவு பச்சைக் குழந்தை. காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர். பிரிந்த தலைவியின் மேனியில் படரும் வெளிறிய பொன்மை பசலை. ‘பசு’ என்னும் அடி இளமை, புதுமை, ஈரம் ஆகியவற்றைத் தழுவி நிற்கிறது. செம்மையும் அவ்வாறே. செங்கோல் செந்நிறக் கோல் அன்று, வளையாத கோல். செந்தமிழில் உள்ள செம்மை கண்ணால் காண்பதன்று. செம்புலப்பெயனீரார் என்று ஒரு புலவர் பெயர் பெறக் காரணமான உவமையில் மண்ணின் நிறம் தொடக்கம் மட்டுமே. மழைநீர் மண்ணோடு பிரிக்க இயலாதபடி ஒன்றாவதே உவமையின் உயிர். அதை உணரச் செம்மை காணும் கண் இன்றியமையாததன்று.

சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தை நினைவுகூரலாம். காவியும் மஞ்சளும் பச்சையும் காலத்தால் பெரிதும் மங்கிவிட்டன. தீட்டிய நாளில் இருந்த நிறத்தில் அவ்வோவியத்தைக் கண்டவர் நம்முள் எவருமில்லர். ஆயினும் பூப்பறிப்போரின் உடல் வளைவும், யானையும் எருமையும் மீனும் அன்னமும் கோட்டின் உறுதியாலும் ஒளிநிழலின் வேறுபாட்டாலும் நம்மைக் கவர்கின்றன. அக்குகையில் நாம் எல்லோருமே நிறம் குறைந்த கண்ணினர்தாம்.

இதனால் வாழ்வில் இடர் இல்லை என்று சொல்வதாகாது. பழுத்த மிளகாயைச் செடியில் தேடிப் பறிப்பதும், நெற்பயிர் பழுப்பேறுவதை உரிய நாளில் காண்பதும், தைக்க நூல் தேர்வதும், நிலப்படத்தில் மாவட்ட எல்லை அறிவதும் இவர்களுக்குத் தடுமாற்றம் தரும். போக்குவரத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்னும் இடமறிந்தே நிற்பர், செல்வர். பச்சைக் கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஆசிரியர் கோடிட்டது தெரியாமல் திகைக்கும் மாணவன் மந்தன் என்று பெயர் வாங்குகிறான். மஞ்சளால் எழுதினாலோ, கோட்டை இரட்டிப்பாக இட்டாலோ, நிறத்தோடு பெயரையும் எழுதினாலோ அவன் இடர் அக்கணமே நீங்கும். தொடக்கப் பள்ளியிலேயே குறையை அறிந்து சொன்னால், அவன் தன்னைத் தானே ஐயுறும் துன்பமும் நீங்கும்.

பெயர் மாற்றம் ஏன்?

இலக்கணத்தில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: மயக்கம். எழுத்தோடு எழுத்து கூடி நிற்பது மெய்ம்மயக்கம். ஒரு வேற்றுமையின் இடத்தில் மற்றொன்று வருவது உருபு மயக்கம். ஒரு திணைக்குரியது மற்றொரு திணையில் கலப்பது திணை மயக்கம். இவற்றை நம் முன்னோர் குற்றம் என்று தள்ளவில்லை. கலத்தல் என்றே கொண்டு, அதன் எல்லையை வரையறுத்தனர். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்றனர். இக்கண்களுக்கும் அவ்வரையறை பொருந்துகிறது. பொருளும் அதன்மேல் விழும் ஒளியும் எல்லார்க்கும் ஒன்றே. காட்சியில் சில நிறங்கள் மட்டும் மயங்குகின்றன. ஆதலின் ‘நிறக்குருடு’ என்பதை விடுத்து ‘நிறமயக்கம்’ என்று வழங்குமாறு வட்டத்தின் உறுப்பினரை வேண்டுகிறேன். எது மயங்குகிறது என்பதைச் சொல் காட்டும். எவரையும் இருட்டில் தள்ளாது.

சொல்லை மாற்றினால் கண் மாறாது என்பர் சிலர். உண்மைதான். மாற வேண்டியது அவர்கள் கண்ணன்று. அவர்களைக் காணும் நம் பார்வை. நேர்முகத் தேர்வில் ‘நிறமயக்கம் உடையவர்’ என்று படிக்கும் அலுவலர், எந்த நிறம், எவ்வளவு, இப்பணிக்கு அது தேவையா என்று அடுத்த வினாவைக் கேட்கக்கூடும். ‘குருடர்’ என்று படிப்பவர் கோப்பை மூடிவிடுவார். நம் பாட்டைக் கேட்போருள் செந்தாமரையையும் அதன் இலையையும் ஒரே நிறமாகக் காண்பவர் ஒருவர் இருக்கலாம். இதழின் மென்மையும் நீரின் குளிர்ச்சியும் விடியலில் அது விரியும் பொழுதும் பாட்டில் இருக்குமானால், அவரும் அப்பூவை முழுமையாகப் பெறுவார்.